தோளுக்கா, கைக்கா

ஷெரிஃப் அலுவலகத்தில் விரல் ரேகை எடுக்கும் அட்டையில் பத்துக் கட்டங்கள் இருந்தன. வெர்லா ஹௌகனுக்கு இருந்தது ஐந்து விரல்கள்தான்.

டெரெக் என்ற இளம் காவலர் அவளுடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மையில் உருட்டி மேல் வரிசையில் பதித்தான். கீழ் வரிசைக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தான்.

"மேடம், எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"என் இடது கை பதினாலு வருஷமா மேற்கு மேய்ச்சல்ல புதைஞ்சு கிடக்கு. தோண்டி எடுத்துட்டு வரட்டுமா?"

"கோச்சுக்காதீங்க. என்ன எழுதறதுன்னுதான் கேக்கறேன்."

"இல்லைன்னு எழுது. அதை எழுத வருமில்ல?"

அவன் காது சிவக்க, கீழ் வரிசையில் ஐந்து கட்டங்களிலும் 'இல்லை', 'இல்லை' என்று ஐந்து முறை எழுதினான். ஆறு வாரம் கழித்து வாஷிங்டனிலிருந்து அந்த அட்டை திரும்பி வந்தது. ரேகைகள் முழுமையாக இல்லை, மீண்டும் எடுத்து அனுப்பவும் என்று ஒரு துண்டுச் சீட்டு அதோடு ஒட்டியிருந்தது. வெர்லா அதைச் சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டியின் கதவை உதைத்தாள். அதன் அடிப்பக்கத்தில் இன்றும் ஒரு நசுங்கல் இருக்கிறது.

மான்டானாவில், ஆல்டர் க்ரீக் என்ற சிற்றூருக்குப் பதினெட்டு மைல் வடக்கே அவளுடைய பண்ணை. முந்நூறு செம்மறிகள், ஒரு நாய், கூரை ஒழுகும் ஒரு கொட்டகை. கணவன் ஓரின் இருந்தபோதுதான் அந்த விபத்து. ஆகஸ்ட் மாதம், வைக்கோலைக் கட்டுகிற இயந்திரத்தில் கயிறு சிக்கிக்கொண்டது. சுழலும் தண்டு அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. ஓரின் ஓடி வந்து இயந்திரத்தை நிறுத்துவதற்குள் இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. நான்கு வருஷம் கழித்து ஓரினும் மாரடைப்பில் போய்விட்டான். பண்ணையை விற்றுவிடு என்று சொன்னவர்களிடம் அவள், "எனக்குப் போனது கை. ஆடுகளுக்கு ஒண்ணும் போகலியே" என்று சொல்லி அனுப்பினாள்.

ஆனால் ஒரு விஷயம் அவளால் முடியாமல் போயிற்று. ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும். அந்த ஒரு மாதம் கயோட்டி என்ற சிறு ஓநாய்கள் விடியற்காலையிலும் அந்தி சாயும்போதும் மேட்டிலிருந்து இறங்கி வரும். பிறந்து ஒரு நாள் ஆன குட்டியின் வயிற்றைக் கிழித்து, பாலிறங்கிய குடலை மட்டும் தின்றுவிட்டு மற்றதைப் போட்டுவிட்டுப் போகும். அவற்றைச் சுட ரைஃபிள் வேண்டும். ரைஃபிளை ஒற்றைக் கையால் தூக்கிக் குறி பார்த்துச் சுடுவது நடக்கிற காரியமில்லை. வேலிக் கம்பத்தின் மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தாள். கயோட்டி கம்பத்துக்கு எதிரேதான் வருவேன் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுமா என்ன? ஒரு வருஷம் முப்பத்தொரு குட்டிகள் போயின.

அந்த வருஷம்தான் ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த டுவைட் ப்ரூயிட் அவளைக் கூப்பிட்டு அனுப்பினான். டுவைட்டும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கல்லாவின் மேல் ஒரு குட்டைத் துப்பாக்கியை வைத்தான். குழல் பத்தரை அங்குலம்தான். அதன் பின்பக்கத்தில் கறுப்பு ரப்பரில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு மடல்கள், நடுவில் ஒரு பட்டை.

"இதுக்குப் பேரு பிரேஸ். கை போன ஒரு பட்டாளத்துக்காரனுக்காக யோசிச்சுச் செஞ்சதாம். கையை உள்ள விடு பார்ப்போம்."

அவள் வலது கையை மடல்களுக்கு நடுவே நுழைத்தாள். மடல்கள் முன்னங்கையைக் கவ்வின. பட்டையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். துப்பாக்கி கையின் ஒரு பகுதி மாதிரி உட்கார்ந்துகொண்டது. கனம் மணிக்கட்டில் விழாமல் முழங்கை வரைக்கும் பரவியது. அவள் கையை நேராக நீட்டி ஜன்னலைக் குறி பார்த்தாள். டுவைட்டும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஏப்ரலில் ஐந்து குட்டிகள்தான் போயின.

சட்டத்தின் கணக்கு இதுதான்: கையில் பிடித்துச் சுடுவது கைத்துப்பாக்கி, தோளில் வைத்துச் சுடுவது ரைஃபிள். கைத்துப்பாக்கியின் குழல் எவ்வளவு குட்டையாகவும் இருக்கலாம். ரைஃபிளின் குழல் பதினாறு அங்குலத்துக்குக் குறைந்தால் அது இயந்திரத் துப்பாக்கிகளோடு ஒரே பட்டியலில் சேர்ந்துவிடும். பதிவு செய்யாமல் வைத்திருந்தால் பத்து வருஷம் வரை சிறை. பிரேஸ் கைக்கு என்று வாஷிங்டனில் உள்ள துப்பாக்கித் துறை முதலில் சொன்னது. அதைத் தோளில் வைத்தால் குற்றம் என்று பிறகு சொன்னது. எப்போதாவது வைத்தால் பரவாயில்லை என்று அதற்கும் பிறகு சொன்னது. கடைசியாக ஒரு ஜனவரியில், இப்படிப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ரைஃபிள்தான், மே முடிவதற்குள் பதிவு செய், இல்லையென்றால் பிரேஸைக் கழற்றி அழித்துவிடு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. வெர்லா விரல் ரேகை கொடுத்தது அந்தப் பதிவுக்குத்தான்.

அட்டை திரும்பி வந்த மறுநாள் வெர்லா, சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் ஆள் எடுத்தான்.

"என் கையில கட்டற பட்டை இது. இது ரைஃபிளா, கைத்துப்பாக்கியா? ஒரே வார்த்தையில சொல்லு."

"அப்படிச் சொல்ல முடியாது மேடம். பின்பக்கம் தோள்ல வைக்கிற அளவுக்கு அகலமா இருக்கா, மொத்த எடை எவ்வளவு, விளம்பரத்துல எப்படிக் காட்டியிருக்காங்க, பொதுவா ஜனங்க அதை எப்படி உபயோகிக்கறாங்க, எல்லாம் பாக்கணும்."

"ஜனங்க எப்படி உபயோகிச்சா எனக்கென்ன? நான் எப்படி உபயோகிக்கறேன்னு கேளு."

"அதையும் பாப்போம் மேடம். ஆனா அது மட்டும் போதாது."

"எனக்கு எத்தனை தோள்னு கேளேன். ரெண்டு. கை எத்தனைன்னு கேளு."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "உங்க சூழ்நிலை எனக்குப் புரியுது மேடம்" என்றான் அவன். புரியுது என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டாள்.

டுவைட் இதையெல்லாம் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரமே பிரெஸ்டன் கீல் என்ற வக்கீல் பண்ணைக்கு வந்து இறங்கினான். துப்பாக்கி வைத்திருப்போர் சங்கம் ஒன்றின் சார்பில் அந்த விதியை எதிர்த்து வழக்குப் போடுகிறவன். நாற்பது வயது. புதிய பூட்ஸ் போட்டிருந்தான். ஆட்டுப் புழுக்கையைத் தாண்டித் தாண்டி நடந்துவந்தான்.

"மிஸஸ் ஹௌகன், இந்த வழக்குக்கு உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

"என்னை மாதிரின்னா?"

அவன் பார்வையை அவளுடைய காலிச் சட்டைக் கையிலிருந்து விலக்கினான். "நியாயம் உள்ளவங்களை."

சங்கத்தில் சேர்ந்தாள். முதல் மனுதாரராகக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்காக அவன் ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதி வைத்திருந்தான். பன்னிரண்டு பத்தி. கை போனது, குட்டிகள் செத்தது, அட்டை திரும்பி வந்தது எல்லாம் அதில் சரியாகவே இருந்தன. ஒன்பதாவது பத்தி இப்படி இருந்தது: 'நான் அறிந்தவரை, இந்தக் கருவியை வைத்திருப்பவர்கள் என்னைப் போலவே இதைக் கையில் கட்டிப் பயன்படுத்துகிறார்கள்.' அவள் அறிந்தது தன்னை மட்டும்தான். வேறு யார் எப்படிப் பயன்படுத்துவார்கள்? கையில் கட்டத்தானே அது இருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்திட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு கேமராக்காரனை அழைத்து வந்தார்கள். மார்ச் மாதக் காற்று முகத்தை அறுத்துக்கொண்டிருந்தது. கீல் அவளுடைய கோட்டைக் கழற்றச் சொன்னான். பிறகு, கையில்லாத சட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

"எதுக்கு?"

"பாக்கறவங்களுக்குச் சட்டுனு புரியணுமில்ல."

அவள் மாற்றிக்கொண்டு வந்தாள். வெட்டுப்பட்ட கையின் நுனி குளிரில் நீலமாகிவிட்டது. "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று கேமராக்காரன் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். கால் மணி நேரத்தில் துப்பாக்கியை ஒரே ஒரு தடவைதான் படம் எடுத்தார்கள்.

ஏப்ரல் கடைசியில், குட்டி போடும் காலம் முடிந்த கையோடு, வழக்குக்கு ஆதரவு திரட்ட பில்லிங்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் சங்கம் கூட்டம் வைத்தது. டுவைட்தான் அவளைத் தன் வண்டியில் அழைத்துப் போனான். வாசலிலேயே ஆளுயரத்துக்கு அவளுடைய படம். கையில்லாத சட்டை. படத்தின் கீழே, 'இவரிடமிருந்து இதையும் பறிக்கப் போகிறார்களா?'

சுடும் வரிசையில் ஏறக்குறைய நாற்பது பேர் நின்றார்கள். எல்லாரிடமும் அவளுடையதைப் போலவே குட்டைத் துப்பாக்கி, அதே கறுப்பு மடல்கள். எல்லாருக்கும் இரண்டு கை. எல்லாரும் மடலைத் தோளில் அண்டக் கொடுத்துச் சடசடவென்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்லா வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தாள். ஒருவன்கூட கையில் கட்டியிருக்கவில்லை. பாதிப் பேரின் பிரேஸில் பட்டையே இல்லை. வெட்டி எறிந்திருந்தார்கள்.

தாடி வைத்த ஒரு இளைஞனை நிறுத்திக் கேட்டாள். "பட்டை எங்கப்பா?"

"அது தொங்கிக்கிட்டே இருக்கும், சனியன். வாங்கின அன்னிக்கே அறுத்துட்டேன்."

"அப்ப எப்படிக் கட்டுவே?"

"எதுக்குக் கட்டணும்? தோள்ல வெக்கத்தான இது." சிரித்தான். அவளை அடையாளம் கண்டுகொண்ட பக்கத்து ஆள் அவனை முழங்கையால் இடித்தான். தாடிக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்து, கையிலிருந்த குளிர்பான டப்பாவை உயர்த்தினான். "ஓ, நீங்கதானா. முடங்களுக்கு நன்றி. நீங்க இல்லாட்டி எங்களுக்கு இது கிடைச்சிருக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. டுவைட்டும் அந்தச் சிரிப்பில் இருந்தான்.

திரும்பும் வழியில் அறுபது மைல் தாண்டியதும் அவள் டுவைட் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"மழுப்பாத டுவைட். நீ இதை எத்தனை வித்திருப்பே? அதுல கையில்லாதவங்க எத்தனை பேர்?"

அவன் சாலையைப் பார்த்தே ஓட்டினான். "நீ ஒருத்திதான்."

"தெரிஞ்சேதான் என்னைக் கொண்டுபோய் அந்த வக்கீல்கிட்ட நிறுத்தினியா?"

"உனக்கு வேணும்தானே அது? உனக்கும் வேணும், அவங்களுக்கும் வேணும். இதுல என்ன தப்பு வெர்லா?"

"என் கை என்ன உன் கடை போர்டா?"

பண்ணை வாசலில் இறங்கி, வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள். அன்று மாலையே கீலுக்குப் போன் போட்டு ஒன்பதாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னாள். கீல் நிதானமாகப் பேசினான். "நீங்க கையெழுத்துப் போட்டபோது உங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். பொய் இல்லியே. இப்ப மாத்தினா எதிர்த்தரப்புக்கு நாமே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். கோர்ட்டுல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அது போதும்."

மே மாதம் இரண்டாம் வாரத்தில் இடைக்காலத் தடை கேட்ட மனு விசாரணைக்கு வந்தது. வெர்லா அரை மணி முன்னதாகவே வந்து, நீதிமன்றத் தாழ்வாரத்து மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதே பெஞ்சின் மறுகோடியில் அறுபத்தைந்து வயதிருக்கும் ஒருவர், தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளை அவர் செய்தித்தாளில் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது.

"நீங்கதானே முதல் மனுதாரர்?"

"ஆமா. நீங்க?"

"ஆர்லன் வீக்ஸ். நெப்ராஸ்காவுல இருந்து வரேன். இந்த பிரேஸ் வழக்கு எந்த ஊர்ல நடந்தாலும் போய் உக்காந்துக்குவேன்." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "என் பையன் ட்ரெவர் ஒரு ஃபர்னிச்சர் கிடங்குல வேலை பார்த்தான். வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருத்தன் திரும்பி வந்து ஆறு பேரைச் சுட்டான். கோட்டுக்குள்ள மறைக்கிற அளவுக்குக் குட்டைத் துப்பாக்கி. இந்தச் சாமான் மாட்டினது."

வெர்லா அவர் பக்கம் திரும்பினாள். வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இது கைக்குத்தான்னு எல்லாக் கோர்ட்டுலயும் சொல்றாங்க. நான் இதுவரைக்கும் ஒருத்தர் கையில கட்டிப் பார்த்ததில்ல. எப்படிக் கட்டறீங்க? காட்டுங்க."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவர் பக்கத்திலிருந்த குடையை வாங்கி, வலது கையில் பிடித்து, முன்னங்கையோடு சேர்த்து வைத்தாள். பட்டை இருக்கும் இடத்தைப் பல்லால் கடித்து இழுப்பதுபோலச் செய்து காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகப் பார்த்தார். குனிந்து, அவளுடைய முழங்கையையும் குடையின் கைப்பிடியையும் பார்த்தார்.

"சரிதான்" என்றார். "உங்களுக்கு இது வேணும்."

"வேணும்."

"கிடங்கு கேமராவுல பார்த்தேன். அவன் தோள்ல வெச்சிருந்தான்."

குடையை வாங்கிக்கொண்டு, தொப்பியைத் தலையில் வைத்து, அவர் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். அவர் அழுதிருந்தாலோ அவளைத் திட்டியிருந்தாலோ அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே கூப்பிட்டதும் அவள் எழுந்து போய்க் கூண்டில் ஏறினாள்.

கீல் கேட்ட கேள்விகளுக்கு உள்ளதைச் சொன்னாள். பிறகு அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தாள். ஒல்லியான பெண். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"உங்க வாக்குமூலத்துல ஒன்பதாவது பத்தி. அது இன்னிக்கும் உண்மையா, மிஸஸ் ஹௌகன்?"

கீல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இல்ல" என்றாள் வெர்லா.

"விளக்க முடியுமா?"

"போன மாசம் ஒரு சுடுதளத்துக்குப் போயிருந்தேன். நாப்பது பேர் வெச்சிருந்தாங்க. கையில கட்டினவங்க ஒருத்தர் இல்ல. பாதிப் பேர் பட்டையையே அறுத்துப் போட்டுட்டாங்க. எனக்கு நன்றி சொன்னாங்க. முடங்களுக்கு நன்றின்னு."

கீல் ஆட்சேபணை என்றான். நீதிபதி அதை ஏற்கவில்லை. அரசு வக்கீல் லேசாகத் தலையசைத்து, "நன்றி, இவ்வளவுதான்" என்று உட்காரப் போனாள்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் வெர்லா.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டீங்க மேடம்" என்றார் நீதிபதி.

"கேக்காததுதான் நிறைய இருக்கு, ஐயா. இந்த அம்மா இப்பத் தலையாட்டினாங்களே, எனக்காகவா ஆட்டினாங்க? இவங்க ஆளுங்க என் விரல் அஞ்சு குறையுதுன்னு அட்டையைத் திருப்பி அனுப்பினவங்க. என் பட்டை கையில இருந்தா அது என்னன்னு கேட்டா, ஊர்ல மத்தவன் எங்க வெக்கிறான்னு பாக்கணுங்கறாங்க. இந்தப் பக்கம் இவரு, மார்ச் மாசக் குளிர்ல என் கையைத் திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுத்து, அதைப் பிடிச்சுக்கிட்டு அந்த நாப்பது பேருக்குக் கேக்கறாரு. ரெண்டு பக்கமும் என் கையைத்தான் பேசறீங்க. ரெண்டு பக்கத்துக்கும் அது வேணும். ஆனா என்னை யாருக்கும் வேணாம். அதோ பின்னாடி ஒருத்தர் உக்காந்திருக்காரு, அவரு பையன்…"

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். குரலில் கடுமை இல்லை. ஆனால் தட்டினார். அவள் கூண்டிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே வெளியே நடந்தாள்.

கீல் தாழ்வாரத்தில் பின்னாலேயே ஓடி வந்தான். "என்ன காரியம் பண்ணிட்டீங்க தெரியுமா?"

"தெரியும். என் பேரை எடு. மனுவுல இருந்தும் எடு, உங்க சங்கத்துல இருந்தும் எடு."

"கொஞ்சம் ஆறப்போட்டு யோசிங்க…"

"இப்பவே எடு. இல்லாட்டி உள்ள போய் இன்னும் பேசுவேன்."

அவன் எடுத்துவிட்டான். எட்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. விதிக்கு இடைக்காலத் தடை. ஆனால் நாடு முழுவதற்கும் இல்லை. சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் மீதமிருந்த மனுதாரர்களுக்கும் மட்டும். பட்டையை அறுத்தெறிந்த தாடிக்காரன் நிம்மதியாகச் சுட்டுக்கொண்டிருக்கலாம். அவள் சுட்டால் சிறை. டுவைட் போன் செய்து, "மறுபடி உறுப்பினரா சேர்ந்துடு, ஒரு கையெழுத்துத்தான்" என்று கெஞ்சினான். அவள் செய்யமாட்டேன் என்றாள். அது வீம்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் அவளால் பேனாவைத் தொட முடியவில்லை.

மே மாதம் முடிவதற்கு ஒரு நாள் முன்பு பிரேஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனாள். டெரெக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இதை வாங்கிக்க எங்களுக்கு உத்தரவு இல்ல மேடம். சும்மா வீட்டுல வெச்சுக்குங்க. இங்க யாரும் வந்து தேடப்போறதில்ல."

"நீ தேடமாட்டே. உனக்கப்புறம் ஒருத்தன் வருவானே, அவன்?"

வீட்டுக்கு வந்து, கொட்டகையில் பட்டறை மேஜையில் இருந்த பிடிகருவியை முழங்காலால் முறுக்கி பிரேஸை அதில் இறுக்கினாள். இரும்பு ரம்பத்தை எடுத்து அறுத்தாள். ரப்பர் ரம்பத்தின் பல்லைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் ரம்பம் நழுவி நழுவி, ஒரு தடவை தொடையைக் கீறியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அறுக்கும்போது வாஷிங்டனையும் கீலையும் டுவைட்டையும் தாடிக்காரனையும் உரக்கத் திட்டினாள். நாய் கொட்டகைக்கு வெளியே போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த ஏப்ரலில் இருபத்தி நாலு குட்டிகள் போயின. வேலியை உயர்த்திப் பார்த்தாள், வண்டியின் ஒலிப்பானை அடித்துப் பார்த்தாள், பக்கத்துப் பண்ணைக்காரரை இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தாள். வெறும் கைத்துப்பாக்கியாக அதை நீட்டிச் சுட்டதில் மணிக்கட்டு வீங்கி, ஒரு வாரம் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. ஒரு நாள் விடிகாலையில் இரட்டைக் குட்டிகளை ஈன்ற ஆடு, இரண்டும் கிழிந்து கிடக்க, அவற்றை மாறி மாறி நக்கிக்கொண்டிருந்தது. வெர்லா பனியில் மண்டியிட்டு அமர்ந்து, கெட்ட கெட்ட வார்த்தையாகக் கத்தினாள். கயோட்டிகளை அவள் திட்டவில்லை. அவை பசிக்குத் தின்கின்றன.

ஜூன் மாதத்தில் வேறொரு மாநிலத்து நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. டுவைட் சந்தோஷம் தாங்காமல் போன் செய்தான்.

"நாம ஜெயிச்சுட்டோம் வெர்லா."

"யாரு நாம?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஊர் நூலகத்தில் தீர்ப்பை அச்செடுத்து வந்து, சமையலறையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் படித்தாள். விதி செல்லாது. ஏன் செல்லாது? முதலில் வெளியிட்ட வரைவுக்கும் கடைசியில் போட்ட விதிக்கும் நிறைய வேறுபாடு. மாற்றியதைப் பற்றி மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை. அவ்வளவுதான். அந்தச் சாமான் தோளுக்கா கைக்கா என்ற கேள்விக்கு அவள் தேடிய பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆர்லன் வீக்ஸின் எண்ணை அவள் நெப்ராஸ்கா தொலைபேசி விசாரணையில் கேட்டு வாங்கினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"வெர்லா ஹௌகன் பேசறேன். கோர்ட்டுல குடை வாங்கினேனே."

"தெரியுது. தீர்ப்பு வந்துடுச்சு, பார்த்தேன்."

"ட்ரெவர் பேரு அதுல எங்கயும் இல்ல."

"உங்க கையும் இல்ல. நானும் முழுசாப் படிச்சேன்." அவர் பேச்சை மாற்றினார். "இந்த வருஷம் குட்டிங்க எத்தனை போச்சு?"

"இருபத்தி நாலு."

"ஐயோ. வருத்தமா இருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. "நீங்க எங்கிட்ட வருத்தம் சொல்லாதீங்க. ஆட்டுக்குட்டி அது. உங்களுக்கு எம்மேல ஆத்திரம் வரணும். நான் திரும்பப் போய் அதையேதான் வாங்கப் போறேன்."

"வாங்கிக்குங்க. உங்களுக்கு வேணும்னு நானே பார்த்தேனே." பெருமூச்சு விட்டார். "உங்கமேல ஆத்திரப்பட்டுப் பார்த்தேம்மா. கோர்ட்டுக்கு வர வழியெல்லாம் பட்டுக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க பல்லால கடிச்சு இழுத்தீங்க பாருங்க, அதுக்கப்புறம் முடியல. ஆனா மத்தவங்க மேல இருக்கிறது அப்படியே இருக்கு. குறையல."

"எனக்கும் குறையல."

"கோர்ட்டுல சொன்னீங்களே, உங்களுக்கு நன்றி சொன்னவன், அவன் பேரு என்ன?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அவன் வீட்டுக்கே போயிருப்பேன்."

ஆர்லன் சிரித்தார். அவர் சிரிப்பதை அவள் அதுவரை கேட்டதில்லை. பிறகு இருவரும் அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களையும், கிடங்கிலிருந்து நீக்கப்பட்டவனுக்கு மறுநாளே துப்பாக்கி விற்ற கடைக்காரனையும், புதிய பூட்ஸ் வக்கீலையும், நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வந்தவரை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிய நீதிமன்றங்களையும் ஒருவர் மாற்றி ஒருவர் திட்டினார்கள். முக்கால் மணி நேரம் திட்டினார்கள். காப்பி அடுப்பில் பொங்கி வழிந்ததை வெர்லா கவனிக்கவில்லை.

புது பிரேஸை அவள் டுவைட்டின் கடையில் வாங்கவில்லை. எழுபது மைல் தள்ளி, யாரென்றே தெரியாத ஒரு கடையில் வாங்கினாள். சுவரில் வரிசையாகத் தொங்கியவற்றில் பட்டை உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் பட்டையில்லாமலே செய்து அனுப்புகிறார்கள்.